ஒத்த லேயர்

ஜன்னல் தகரத்தக் கொஞ்சம் எறக்கி விட்டுக்கிடுதேன் அண்ணாச்சி, வெயிலு நேரா மூஞ்சியில அடிக்கி. நீங்க தென்காசி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் பாவூர்சத்திரத்துல எறங்கிருவேன். பொண்டாட்டியக் கூட்டிட்டு வரப் போறேன்.

வருவாளான்னு கேட்டா, தெரியல. ஆவணியில போனவ. தை பொறந்தாச்சு. பொங்கலுக்கு நான் ஒத்தையில அடுப்பு முன்னால நின்னு பால் பொங்குதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்துட்டுப் போயிட்டா. செத்துரலாம் போல இருந்துச்சு. உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ.

குடிச்சேன், அடிச்சேன், வேற எவளயோ வச்சிருந்தேன், அதனால போயிட்டான்னா ஊரு நம்பும். இவ ஒரு பைலுக்காவப் போனா அண்ணாச்சி. கம்ப்யூட்டர் பைலு. பாத்தீங்களா, நீங்களே நம்பல. எங்க மாமாவே நம்பல. 'உள்ளதச் சொல்லுங்க மாப்ள, என்ன நடந்துச்சு'ன்னு என்னைய ஒரு திருடன விசாரிக்க மாதிரி விசாரிச்சாரு. முழுசாக் கேளுங்க. அப்புறம் யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

என் பேரு தங்கத்துரை. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால ஸ்டூடியோ வச்சிருக்கேன். போட்டோ எடுக்கதுக்கு என்னைய விட ஆளு இருக்கு, நான் ஒத்துக்கிடுதேன். ஆனா செத்தவங்களச் சேக்கதுல என்னைய அடிச்சுக்க ஆளு கிடையாது. புரியலயா? இப்பம் ஒரு வீட்டுல கல்யாணம். மாப்பிள்ளைக்கு அப்பா தவறிட்டாரு. ஆல்பத்துல அவரு இல்லன்னா அந்த அம்மாவுக்கு மனசு ஆறாது. பழைய போட்டோ ஒண்ணக் கொண்டாந்து குடுப்பாவ. நான் அவர மேடையில ஏத்தி, பட்டு வேட்டி கட்டி, மகன் தோள்ல கையப் போட்டு நிக்க வச்சிருவேன். பாத்த ஒடன அந்த அம்மா முந்தானைய வாயில பொத்திக்கிட்டு அழுவாவ. எனக்கு அது போதும்.

அந்த வேலையில பாதி என் பொண்டாட்டி செஞ்சது, சும்மா சொல்லப்பிடாது. சண்முகக்கனின்னு பேரு, எனக்கு மாமா மக. பழைய போட்டோன்னா பாதி மூஞ்சியக் கறையான் தின்னிருக்கும். கண்ணு இருக்க வேண்டிய எடத்துல வெள்ளையாக் கிடக்கும். அந்தக் கண்ண வரையுதது கனிதான். பள்ளிக்கூடத்துல அவளுக்குக் குடுத்த கவர்மெண்டு லேப்டாப்பு ஒண்ணு. அதுல ஓவியம் போடுத சாப்ட்வேரு ஒண்ண எறக்கி வச்சிருந்தா, சும்மா கிடைக்கது அது. எனக்குக் கடையில போட்டோஷாப்பு. அவ வீட்டுல வரைஞ்சு பென்டிரைவ்ல போட்டு வைப்பா. காலையில சாப்பாட்டுத் தூக்கோட அதையும் எடுத்துக்கிட்டு நான் கடைக்குப் போவேன். ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

லேயர்னு சொன்னா உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடித் தாளு அடுக்கின மாதிரி வச்சுக்கிடுங்க. அடித் தாளுல மண்டபம். அதுக்கு மேல தாளுல மாப்பிள்ளை. அதுக்கும் மேல அப்பா. ஒண்ண நகத்தினா மத்தது அசையாது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சின்னதா ஒரு கண்ணு படம் போட்டிருக்கும். அத அமுக்கினா அந்தத் தாளு மறைஞ்சிரும். அழியாது, சும்மா மறைஞ்சு கிடக்கும். திரும்ப அமுக்கினா வந்துரும். அம்புட்டுத்தான் விசயம்.

இதுலதான் எங்களுக்குள்ள சண்டை வரும். நான் ஒழுங்கு பாக்கவன் அண்ணாச்சி. லேயருக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பரு குடுப்பேன். வேல முடிஞ்சா எல்லாத்தையும் சேத்து ஒத்த லேயரா ஆக்கி, தேதி போட்டு எடுத்து வச்சிருவேன். எவன் வந்து எந்தப் படத்தக் கேட்டாலும் ஒடன எடுத்துக் குடுப்பேன். கனி அப்படி இல்ல. அவ தாளுக்குத் தாளு தமிழ்ல பேரு வைப்பா. பேருன்னா எப்படி? 'மதிய வெயிலு'. 'பொய்க் கோவம்'. ஒரு தாத்தா மூஞ்சிக்கு 'பேரன் பேரக் கேட்ட ஒடன'ன்னு வச்சிருந்தா. லேப்டாப்புல வச்சுக் காட்டினா, அதனாலதான் எனக்குத் தெரியும். என் கடையில இருக்கது பழைய வெர்ஷன். அவ தமிழு அங்க வந்தா வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும். அது மட்டுமா? அவ போட்ட நெழலு என் பக்கம் வந்தா கருகிப் போயிக் கிடக்கும். ஒரே மூஞ்சிக்கு நாலஞ்சு சிரிப்பு வரைஞ்சு, ஒண்ணத் தவிர மத்தத மறைச்சு வச்சிருப்பா.

'வேண்டாததத் தூக்கிப் போடு கனி, எடம் அடைக்கி'ன்னு வாய் வலிக்கச் சொல்லுவேன்.

'எது வேண்டாததுன்னு இப்பமே எப்படித் தெரியும் அத்தான்?'ன்னுவா.

கடைசியில ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவ குடுக்க பைல நான் அப்படியே வச்சுக்கிடணும். காப்பி எடுத்துத்தான் கை வைக்கணும். ஒரிஜினலத் தொடப்பிடாது. அத நான் ஒழுங்காக் காப்பாத்திக்கிட்டுதான் வந்தேன், அந்த ஒரு நாளத் தவிர.

மாறாந்தை வந்துட்டா? இன்னும் இல்லயா. சரி.

எங்களுக்கு ஒரு பொம்பளப்புள்ள பொறந்துச்சு அண்ணாச்சி. முத்தரசி. எங்க அம்மா பேரு. ஆஸ்பத்திரியில பொறந்து மறுநாளு சாயங்காலம் போயிட்டா. மூச்சுக் கோளாறுன்னாவ. நான் கழுத்துல கேமராவத் தொங்கப் போட்டுக்கிட்டுதான் நின்னேன். 'பச்சப்புள்ளைய போட்டோ எடுக்கப்பிடாது, கண்ணு பட்டுரும்'னு எங்க அக்கா கேமராவ வாங்கிப் பையில வச்சிட்டா. சரின்னு நானும் விட்டுட்டேன். நாளைக்கு எடுத்துக்கிடலாம்னுதான் நெனச்சேன். ஊருல செத்தவங்களுக்கெல்லாம் என் கடையில படம் இருக்கு. என் புள்ளைக்கு ஒரு படம் கிடையாது.

மறு வருசம் ஆவணியில, அவ பொறந்த அன்னைக்கு, கனி லேப்டாப்பத் தொறந்து வச்சு ஒரு படம் போட்டா. ஒரு வயசுப் புள்ள. நான் எட்டிப் பாத்தேன். சட்டைய மாட்டிக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அதுக்கு மறு வருசமும் போட்டா. அதே பைலுலதான், பழசுக்கு மேல புதுசா ஒரு தாளு. பழச மறைச்சிருவா, அந்த வருசத்துப் புள்ள மட்டும் தெரியும். அப்படி வருசா வருசம். ஆடி மாசமே ஆரம்பிச்சிருவா. காப்பி ஆத்திக்கிட்டே, 'இந்த வருசம் முடி நல்லா வளந்திருக்கும்லா அத்தான்'னு கேப்பா. நான் பேப்பர் படிப்பேன். அவளுக்கு அதுல ஒரு ஆறுதல் இருந்தா இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன். ஒரு வார்த்தை தடுத்துச் சொன்னது கிடையாது. வேற எந்தப் புருசன் அப்படி விடுவான், சொல்லுங்க?

போன வருசம் அந்த லேப்டாப்பு சாகக் கிடந்துச்சு. தொறந்தா நீலமா வரும், அணைஞ்சிரும். கனி பதறிப் போயி, அந்தப் பைல போட்டோஷாப்புல தொறக்க மாதிரி மாத்தி, கடைக் கம்ப்யூட்டர்ல கொண்டாந்து போட்டா. 'அத்தான், இதுல மட்டும் கை வைக்காதீங்க'ன்னு சொன்னா. 'எனக்கு வேற வேல இல்லயா'ன்னு கேட்டேன். மறு வாரமே லேப்டாப்பு முழுசாப் போயிட்டு. ஆக, புள்ள மொத்தமும் என் கடையிலதான் இருந்தா.

அந்த ஆடியிலதான் எங்க அக்கா வந்தா. 'தம்பி, கன்னியாப் போன புள்ளய நீங்க கும்பிடவே இல்ல. அதனாலதான் அடுத்து ஒண்ணும் தங்கமாட்டேங்கு. ஒரு படத்த மாட்டி, பாவாடை சட்டை எடுத்து வச்சு, வருசத்துக்கு ஒருக்காக் கும்பிடுங்க'ன்னா. எங்க பக்கம் அது வழக்கம்தான். எனக்கும் மனசுல பட்டுச்சு. ஊருக்கெல்லாம் செய்யுதோம், நம்ம புள்ளைக்குச் செய்யலையேன்னு. கனிகிட்டச் சொல்லல. பொறந்த நாளு அன்னைக்கு அவளுக்கு இது ஒரு சந்தோசமா இருக்கட்டும்னு நெனச்சேன். சந்தோசத்துக்குத்தான் அண்ணாச்சி செஞ்சேன். அத யாரும் கேக்க மாட்டேங்காவ.

கடையில ஆளு இல்லாத நேரமாப் பாத்து அந்தப் பைலத் தொறந்தேன். அஞ்சு வயசுப் புள்ள. ரெட்டைச் சடை, பள்ளிக்கூட யூனிபாரம். நேரா நம்மளப் பாக்கா. என் மூக்கு. அப்படியே என் மூக்கு. நான் அழுதுட்டேன். கல்யாண வீட்டு அம்மாமாரெல்லாம் அழுதப்போ வேடிக்கை பாத்தவன் நான். அன்னைக்குக் கைல கிடைச்ச துணியால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே வேல பாத்தேன். கருகிக் கிடந்த நெழலச் சரி பண்ணினேன். கன்னத்துல கொஞ்சம் செவப்புக் குடுத்தேன்.

அதுக்குக் கீழ கட்டம் கட்டமா என்னென்னமோ பேரு, எல்லாம் மறைஞ்சு கிடந்துச்சு. பிரிண்டுக்கு அது எதுக்கு? ஒத்த லேயரா ஆக்குன்னு குடுத்தேன். மறைஞ்சு கிடக்கதத் தூக்கிரவான்னு கம்ப்யூட்டர் கேக்கும். ஓகே குடுத்தேன். எத்தனை கல்யாணத்துக்குக் குடுத்த கை இது. சேவ் பண்ணினேன், மூடினேன், பிரிண்டுக்கு அனுப்பிட்டேன். காப்பி எடுத்துட்டுச் செய்யக் கூடாதான்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் அதத்தான் கேக்காவ. புள்ள மூஞ்சியப் பாத்துக்கிட்டே செஞ்சேன் அண்ணாச்சி. காப்பி எடுக்கணும்னு அப்பம் எவனுக்கு ஞாபகம் வரும்?

பெரிய சைசுல போட்டு, தேக்குச் சட்டம் அடிச்சு, நடு வீட்டுல எங்க அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டினேன். சந்தன மாலை போட்டேன். மேல சின்னதா ஒரு செவப்பு பல்பு. கீழ பலகையில பச்சைப் பாவாடை, மஞ்சச் சட்டை, அஞ்சு வயசு அளவு சொல்லி வாங்கினது. பத்தி பொருத்தி வச்சேன். வேற எந்த வீட்டுலயும் இவ்வளவு லட்சணமா நான் செஞ்சது கிடையாது.

கனி மார்க்கெட்டுக்குப் போயிட்டுக் கையில பையோட வந்தா. நின்னா. நான் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கேன், அழுவா, வந்து என் கையப் பிடிச்சுக்கிடுவான்னு.

'மாலை எதுக்கு?'ன்னு கேட்டா.

'படம்னா மாலை போடணும்லா'ன்னேன்.

பைய எறக்கி வச்சா. ஸ்டூல எடுத்துப் போட்டு ஏறி மாலையக் கழட்டினா. பல்ப அணைச்சா. அந்தப் பாவாடை சட்டைய மட்டும் மடிச்சு பீரோவுல வச்சா. 'இந்த வருசம் முன்பல்லு விழுந்திருக்கும் அத்தான். இன்னைக்குக் கடையில உக்காந்து வரையலாம்னு இருந்தேன்'னா. அப்புறம் என்ன தோணுச்சோ, 'எந்தப் பைலுல இருந்து பிரிண்டு போட்டீங்க?'ன்னு கேட்டா. நான் வாயத் தொறக்கதுக்கு முன்னாலயே செருப்ப மாட்டிட்டா. நான் பின்னாலயே ஓடினேன்.

கடையில அவளே உக்காந்து தொறந்தா. படம் வந்துச்சு. பக்கத்துல லேயர் வரிசை இருக்கும்லா, அதுல ஒத்த லேயர் மட்டும் நிக்கி. அவ மவுச வச்சு கீழ கீழ இழுக்கா. கீழ என்ன இருக்கு, ஒண்ணும் இல்ல. அப்பமும் இழுக்கா.

'மத்தவளுக எங்க?'ன்னா.

எனக்கு மொதல்ல விளங்கல. 'யாரு?'ன்னு கேட்டேன்.

'ஒரு வயசுக்காரி, ரெண்டு வயசுக்காரி, எல்லாரும் இதுலதான் இருந்தாளுக. எங்க?'

'ஒண்ணாச் சேத்துட்டேன் கனி, எல்லாம் இவளுக்குள்ளதான் இருக்கு'ன்னேன். வாயில வந்ததச் சொன்னேன். அது பொய்யின்னு அவளுக்குத் தெரியாதா? என்னைய விட அவளுக்கு நல்லாத் தெரியும். திட்டல அண்ணாச்சி. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். 'அஞ்சு வயசு வரைக்கும் வளத்துக் கொண்டாந்தேன்'னா. அவ்வளவுதான். காலையில அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிட்டா. வளத்தாளாம். படத்தப் போயி வளத்தேன்னு சொல்லுதா.

அதுக்குப் பொறவு நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. அழிஞ்ச பைல மீட்டுக் குடுக்கவன் ஒருத்தன் ஜங்ஷன்ல இருக்கான். கம்ப்யூட்டரத் தூக்கிட்டு அவன்கிட்டப் போனேன். 'அது மேலயே சேவ் பண்ணியாச்சு, ஒண்ணும் கிடைக்காது'ன்னுட்டான். லேப்டாப்ப எடுத்துக்கிட்டு அலைஞ்சேன், அதுலயும் ஒண்ணும் இல்ல. சரின்னு போன்ல ஒரு ஆப்பு எறக்கினேன். மூஞ்சியக் குடுத்தா வயசக் கொறைச்சுக் குடுக்கும். அந்த அஞ்சு வயசு மூஞ்சியக் குடுத்து நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எடுத்தேன். எடுத்து, எல்லாத்தையும் ஒரே பைலுல அடுக்கி, வயசு போட்டு, வரிசையா, சுத்தமா, அவ வச்சிருந்தத விட ஒழுங்கா வச்சேன். அவளுக்கும் அனுப்பினேன். 'இதெல்லாம் யாரு வீட்டுப் புள்ளைக?'ன்னு ஒரு வரி வந்துச்சு. அதோட சரி.

எம்புட்டு மாசம் போன் போட்டிருப்பேன், எடுக்க மாட்டா. அத்தைதான் எடுத்து, 'சாப்பிட்டியா மருமகனே'ன்னு கேட்டுட்டு வச்சிருவா. அந்தப் படத்தக் கழட்டவும் மனசு வரல, பாக்கவும் முடியல. அப்பா படத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு நேரா என்னையவே பாக்கா. கனி இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடல. செத்தவங்களச் சேக்கச் சொல்லி வாரவங்களத் திருப்பி அனுப்பிட்டேன். கண்ணு வரைய ஆளு இல்லல்லா.

முந்தாநாளு அவளே போன் போட்டா.

'நான் வாரேன் அத்தான்'னா. 'ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ரெண்டு வயசுல அரசி என்ன செஞ்சுக்கிட்டிருந்தா?'

'படத்துலயா?'ன்னு கேட்டேன்.

'ஆமா. நம்ம வீட்டுலதான் அத்தனை வருசம் இருந்தா. ஒரு நாளாவது பாத்திருப்பீங்க. நேர்ல வந்து சொல்லுங்க. நீங்களும் பாத்தீங்கன்னு தெரிஞ்சாப் போதும், நான் ஒடன கெளம்பி வந்துருதேன்'னா.

சொல்லியிருக்கலாம்லா, மறந்து போச்சுன்னு. சொல்லல. 'வாரேன்'னு சொல்லிட்டேன். ரெண்டு நாளா உக்காந்து யோசிக்கேன். அந்த வருசம் மழை பெஞ்சது ஞாபகம் இருக்கு. லேப்டாப்பு மடியில இருந்தது, அவ நாக்கக் கடிச்சுக்கிட்டு வரைஞ்சது ஞாபகம் இருக்கு. தட்டுல முறுக்கு இருந்துச்சு. நான் வாசல்ல செருப்பத் தேடிக்கிட்டிருந்தேன். 'வந்து பாருங்க அத்தான், என்ன செஞ்சுக்கிட்டிருக்கா பாருங்க'ன்னு அவ சிரிச்சுக்கிட்டே கூப்பிட்டது காதுல அப்படியே கேக்கு. வந்து பாக்கேன்னு சொன்னேன். எங்கயோ போயிட்டேன். திரும்பி வந்தப்போ மூடி வச்சிட்டா.

எனக்கு அந்தப் புள்ளய ஏதோ ஒரு நேரத்துல பாத்துக்கிடலாம்னு இருந்துச்சு அண்ணாச்சி. பாத்தா தாங்க மாட்டேன்னு பயம், அவ்வளவுதான். பாக்கப் பிடிக்காம இல்ல.

ஆலங்குளம் தாண்டி ரொம்ப நேரம் ஆச்சே. இந்தா, ஊரு வந்துட்டு. பைய எடுத்துக்கிடுதேன், காலக் கொஞ்சம் மடக்கிக்கிடுங்க.

உங்க வீட்டுல சின்னப் புள்ளைக உண்டா? பேத்தி எதுவும் இருக்கா? கோவிச்சுக்கிடாதீங்க, ஒண்ணு கேக்கேன். ரெண்டு வயசுல ஒரு பொம்பளப்புள்ள என்ன செய்யும்? உக்காந்திருக்குமா, ஓடுமா, எதையாவது கையில வச்சுக்கிட்டு நிக்குமா? எதையாவது ஒண்ணச் சொல்லுங்க. நான் போயிச் சொல்லிப் பாக்கேன். எனக்குப் புள்ள வளத்துப் பழக்கம் இல்ல அண்ணாச்சி.

வெரசாச் சொல்லுங்க, கண்டக்டர் விசில் ஊதிட்டாரு.